மணப்பெண் காருக்கு அடியில்

தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுன் கடலோரத்தில் யாராக இருந்தாலும் காரைக் கிளப்பும் முன் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். நிழல் கண்டால் போதும், பென்குயின்கள் அங்கே போய்க் குடியேறிவிடும். கல்யாண அமளியில் வாப்பா அதை மறந்தே போனார். நல்லவேளை, அவருடைய சின்ன மகள் ரிஃப்கா மறக்கவில்லை.

"வாப்பா, சாவியத் திருப்பாதீங்க! அடியில பென்குயின்!"

"சூ சூன்னு விரட்டு புள்ள. மண்டபத்துல மாப்பிள்ளை காத்துக்கிட்டு இருக்கார்."

"முட்டை மேல உட்காந்திருக்கு வாப்பா! ரெண்டு முட்டை!"

பின் இருக்கையில் இருந்த மணப்பெண் கதீஜா அக்கா "யா அல்லாஹ்!" என்றாள். மணப்பெண்ணுக்கென்று கழுவித் துடைத்து வைத்த அந்தக் கார் ஒரு வாரமாக நின்ற இடத்திலேயே நின்றிருந்தது.

இஸ்ஹாக் மாமா விளக்குமாற்றோடு ஓடி வந்தார். ரிஃப்கா குறுக்கே கை நீட்டி மறித்தாள்.

"விரட்டாதீங்க மாமா! அது எழுந்தா முட்டை போச்சு. கூரையப் பாருங்க!"

வீட்டுக் கூரையில் இரண்டு கடற்காகங்கள் கழுத்தை நீட்டிக் காத்திருந்தன.

"அதுக்காகக் கல்யாணத்த நிறுத்தச் சொல்றியா?" என்றார் மாமா.

"எஞ்சினப் போடாம தள்ளுங்க. நேரா, மெதுவா. நான் பாத்துச் சொல்றேன்."

கோட்டு போட்ட மாமாக்கள் முக்கி முனகித் தள்ளினார்கள். ரிஃப்கா புதுப் பாவாடையோடு மணலில் குப்புறப் படுத்தாள். "இன்னும் கொஞ்சம்... மெதுவா..." பென்குயின் கழுதை போலக் கத்தித் திட்டியது. ஆனால் நகரவில்லை.

கார் விலகியதும் வெயில் சுள்ளென்று விழுந்தது. பென்குயின் அலகைத் திறந்து மூச்சு வாங்கியது. ரிஃப்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், இந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் தாங்கும்?

வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சாப்பாட்டு மேசையை இழுத்தாள். அது அசையவே இல்லை.

"அந்தப் பக்கம் பிடி" என்றது ஒரு குரல். கதீஜா அக்கா! வெள்ளை உடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்திருந்தாள்.

இருவரும் மேசையைத் தூக்கி வந்து பென்குயினுக்கு மேலே மெல்ல வைத்தார்கள். நன்றியாக அது அக்காவின் செருப்பை ஒரு கொத்து கொத்தியது.

மண்டபத்துக்குத் தாமதமாகத்தான் போனார்கள். நடந்ததைக் கேட்ட மாப்பிள்ளை கோபிக்கவில்லை. "முட்டைங்க பத்திரமா?" என்றுதான் முதலில் கேட்டார்.

அதன்பின் வெகுநாள் அந்தக் குடும்பம் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டது. மேசை எங்கே என்று கேட்டவர்களிடம் வாப்பா பெருமையாகச் சொன்னார்:

"வாடகைக்கு விட்டிருக்கோம். குடிவந்தவங்க வீட்டுல இப்ப ரெண்டு கைக்குழந்தைங்க. சத்தம் போடாம வந்து பாருங்க."