அரை கப் மரியாதை

"ஐயோ... ஐயாஆஆ!"

சமையல்காரம்மா சின்னம்மையின் அலறலில், குன்னூர் பங்களாக் கூரையில் இருந்த காகங்கள் அத்தனையும் பறந்தன.

காலை பத்தரை மணி.

வராந்தாவில், டீ மேஜைக்குப் பக்கத்தில், நாற்காலியோடு சரிந்து கிடந்தார் ஓராஸ்பெக். வாயோரம் நுரை!

தார்கோஸ்தானின் முன்னாள் மந்திரி. சோவியத் யூனியன் உடைந்தபோது, தொண்ணூற்றொன்றில் சுதந்திரம் வாங்கிய நாடு அது. பதவியைப் பிடுங்கித் துரத்தியதும் மனுஷர் நேராகக் குன்னூருக்கு வந்து, இரண்டு வருஷமாகப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். யாரைப் பற்றி? துரத்தியவர்களைப் பற்றித்தான்!

ஆம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு போக, எதிரே போலீஸ் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் கோகிலவாணி இறங்கினாள். பின்னாலேயே ஏட்டு நெல்சன், மங்கி கேப்போடு.

"மேடம், டீயில விஷம். டீ போட்டது சின்னம்மை. கூட உக்காந்து குடிச்சது ரெண்டு பேரு. ஒருத்தர் பெரியவரோட அண்ணன் பையன் எல்தார். இன்னொருத்தர் அவங்க நாட்டுத் தூதரகத்துச் செயலாளர் புலாத்."

எல்தார் கோவையில் நாலு வருஷம் இன்ஜினியரிங் படித்தவன். தமிழ் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு.

"மேடம், எங்க நாட்டுல கட்சியெல்லாம் வெறும் போர்டுங்க. உள்ள பூராவும் கூட்டம்தான்."

"கூட்டம்னா... எங்க கொங்கு நாட்டுல குலத்தைச் சொல்ற மாதிரிங்களா?"

"அதேதாங்க! ஜனாதிபதி ஆத்துக் கூட்டம். அதனால போலீஸ், பேங்க், எண்ணெய்க் கிணறு எல்லாம் ஆத்துக் கூட்டத்துக்குத்தான். சித்தப்பாவும் நானும் மேட்டுக் கூட்டம். இந்தப் புலாத் ஆத்துக் கூட்டம். வேற யாரு செஞ்சிருப்பாங்க? இந்தச் சமையக்காரம்மாவை அவன்தான் மடக்கியிருப்பான்! எனக்கு நாலு மணிக்குக் கோவையில ஃப்ளைட்டுங்க."

சின்னம்மை ஓடி வந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நா தேத்தண்ணி போட்டது மட்டுந்தாம்மா..."

செல்போன் அலறியது. டி.எஸ்.பி.

"கோகிலவாணி, அந்தப் புலாத்துக்குத் தூதரகப் பாதுகாப்பு இருக்கு, தொட முடியாது. எல்தார் சொந்த ரத்தம். சமையக்காரியை உள்ள தூக்கி வை. மத்தியானத்துக்குள்ள எனக்கு ஆள் வேணும்!"

கோகிலவாணிக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கேட்க நாதியில்லாத ஆள் என்றால் எவ்வளவு சுலபம்!

"அழாம சொல்லுங்கம்மா. டீயை யாரு ஊத்துனது?"

"ஐயாதாம்மா. நா கேத்தலைக் கொண்டாந்து வெச்சேன். இந்தத் தம்பிக்கு விளிம்பு வரைக்கும் ஊத்துனாரு. அந்தத் தொரைக்குப் பாதி. தனக்கும் பாதி. அப்ப உள்ள போன் அடிச்சிச்சு. எந்திரிச்சுப் போயிப் பேசிட்டு வந்து குடிச்சாரு... சரிஞ்சிட்டாரு."

"ரெண்டு பேரும் வராந்தாவுலயே இருந்தாங்களா?"

"இருந்தாங்கம்மா. தொரை தோட்டத்தைப் பாத்துக்கிட்டு நின்னாரு."

கோகிலவாணி எல்தாரிடம் திரும்பினாள்.

"உங்களுக்கு முழுசு, அவருக்குப் பாதி. ஏனுங்க?"

"சொந்தக்காரனாச்சே! எங்க ஊர்ல பிரியமானவங்களுக்கு விளிம்பு வரைக்கும் ஊத்துவோம். ஆகாதவனுக்குப் பாதி போதும்."

அதை நெல்சன் ஆங்கிலத்தில் சொல்ல, புலாத் விருட்டென்று எழுந்தார். "பொய்!" என்றார் ஆங்கிலத்தில். "அது தலைகீழ்! பாதி ஊற்றினால் 'இருங்கள், திரும்பத் திரும்ப ஊற்றுகிறேன்' என்று அர்த்தம். முழுசாக ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தம்!"

"ஆகாத கூட்டத்துக்காரருக்கு எதுக்கு அந்த மரியாதை?" என்றாள் கோகிலவாணி.

"அப்பா வழியில்தான் நான் ஆற்றுக் கூட்டம். என் அம்மா மேட்டுக் கூட்டம். ஓராஸ்பெக் எனக்கு மாமன் முறை. ஜாக்கிரதையாக இருங்கள் என்று எச்சரிக்கத்தான் வந்தேன்!"

"அட, தாய்மாமன் சமாச்சாரமா!" என்றார் நெல்சன். "மேடம், இதுல ஒருத்தர் புளுகுறார்."

விசாரணை இழுத்து மணி பன்னிரண்டரை ஆனது. மறுபடி செல்போன். ஆஸ்பத்திரி! அரை நிமிஷம் கேட்டுவிட்டுக் கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓராஸ்பெக்... போயிட்டாருங்க!"

சின்னம்மை 'ஓ'வென்று அலறித் தரையில் உட்கார்ந்தாள். எல்தார் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"நீங்க கிளம்பலாம் எல்தார். நாலு மணிக்கு ஃப்ளைட்டுன்னீங்களே. நெல்சன், சின்னம்மையை ஜீப்புல ஏத்துங்க."

"மேடம்!"

"சொன்னதைச் செய்யுங்க. அதுக்கு முன்னாடி, உள்ள இருந்து புதுசா ஒரு கேத்தல் டீ எடுத்துட்டு வாங்க. குளிர் தாங்கல. எல்தார், தப்பா நினைக்காதீங்க... நீங்களே ஊத்திடுறீங்களா?"

"ஐயோ, சந்தோஷமா ஊத்துறேன் மேடம்!"

எல்தாரின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! கேத்தலைத் தூக்கினான். கோகிலவாணியின் கப்பில் ஊற்றினான்... பாதியில் கை நின்றது. நெல்சனுக்கும் பாதி. அடுத்தது புலாத். முறைத்துக்கொண்டே ஊற்றினான்.

விளிம்பு வரைக்கும்!

கோகிலவாணி மூன்று கப்புகளையும் வரிசையாக நகர்த்தி வைத்தாள்.

"ஏனுங்க எல்தார், எனக்குப் பாதிதான். நான் ஆகாதவளா? புலாத் உங்களுக்கு அவ்வளவு பிரியமா?"

எல்தார் மூன்று கப்புகளையும் பார்த்தான். முகம் வெளுத்தது. சட்டென்று படியை நோக்கி ஓடினான்...

நெல்சன் காலை நீட்டினார். தொப்!

அவன் தோள்பைக்குள் காலிக் குப்பி ஒன்று. கூடவே, கிழித்த காகிதங்கள். ஓராஸ்பெக்கின் கடைசி அத்தியாயம்!

புலாத் வாங்கிப் படித்தார். "தலைப்பு 'மருமகன்கள்'. எதிர்க் கூட்டத்துப் பையன்களுக்குப் பெண் கொடுத்தே ஜனாதிபதி எப்படி வளைத்துப் போடுகிறார் என்று எழுதியிருக்கிறார். கடைசிப் பெயர் எல்தார். போன மாதம்தான் நிச்சயதார்த்தமாம். சீதனம், சுங்க இலாகா!"

"இது வெளிய வந்தா மேட்டுக் கூட்டத்துல ஒருத்தன் இவனை மதிக்க மாட்டான்" என்றார் நெல்சன். "அதான் முழு கப் ஊத்திக் கிளம்பச் சொல்லியிருக்காரு பெரியவரு."

தரையில் கிடந்த எல்தார் சீறினான். "என்ன நிரூபிப்பீங்க? எதுக்கு முழு கப் ஊத்தினாருன்னு சொல்ல இருந்த ஒரே ஆள் போயிட்டாரே!"

"போயிட்டாருன்னுதான் சொன்னேன். எங்கேன்னு சொன்னேனா?" கோகிலவாணி சிரித்தாள். "ஐ.சி.யூ.வுல இருந்து வார்டுக்குப் போயிட்டாரு! சாயங்காலம் வாக்குமூலமே குடுக்கலாமாம். கப்பைக் காலி பண்ணியிருந்தா முடிஞ்சிருக்கும், ஒரு வாயோட சரிஞ்சதால பொழைச்சாருன்னு டாக்டர் சொல்றார்."

சின்னம்மை முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மெய்யாவாம்மா? ஐயா இருக்காரா?"

"இருக்காருங்க. உங்களை அழவெச்சதுக்கு மன்னிச்சுக்கங்க. பத்தியக் கஞ்சி கேட்டாராம்."

அழுகையும் சிரிப்புமாகச் சின்னம்மை சமையலறைக்கு ஓடினாள். ஐந்தே நிமிஷத்தில் ஆவி பறக்கும் கப்போடு வந்து நெல்சனிடம் நீட்டினாள். விளிம்பு வரைக்கும் தளும்பியது.

"என்னங்கக்கா, எனக்கு முழுசா ஊத்திட்டீங்க?"

"கஞ்சி வெக்கணும் தம்பி. குடிச்சிட்டுக் கெளம்புங்க!"