வெறும் கண்ணால்...

"கண்ண மூடுங்க!"

அவள் கத்தினாள். அவன் மூடவில்லை.

நெருப்புப் பொறி அடங்கியதும் முகமூடியைத் தூக்கிவிட்டு முறைத்தாள். கரி படிந்த கன்னம்... அதன் மேலே, மழையைச் சுமந்த மேகம் போல இரண்டு கண்கள்.

"வெல்டிங் வெளிச்சத்த வெறும் கண்ணால பாக்கக் கூடாதுன்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க யாரு?"

"இந்த வீட்டுப் பையன்."

"அதான்."

அந்த ஒற்றைச் சொல் சுருக்கென்று தைத்தது. பிடித்தும் இருந்தது. பங்களாவின் இரும்புக் கேட்டுக்குப் புதுப் பட்டை பற்றவைக்க வந்தவள் அவள். சொந்தப் பட்டறை. தூறல் விழுந்ததும் ஓடிப்போய்க் குடை கொண்டுவந்து அவள் தலைக்கு மேல் பிடித்தான்.

"எனக்கு வேணாம், மெஷினுக்குப் பிடிங்க. நான் கரைய மாட்டேன்."

இருவரும் சிரித்தார்கள்... மாடியில் ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது.

மறுநாள் மிச்ச வேலைக்குப் பட்டறைக் கரியோடே அவள் வந்தபோது வாசற்கதவு திறந்தே கிடந்தது. உள்ளே அவன் அப்பா மாடிப்படி நடுவில் நின்றார். பழைய படத்துப் பணக்கார அப்பாக்கள் நிற்பார்களே, கைப்பிடியில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை... அப்படியே.

"கூட்டாளி பொண்ணக் கட்ட மாட்டேன்ன. இப்பக் கூலிக்காரிக்குக் குடை பிடிக்கிற. என் சொல்லைக் கேக்கலன்னா இந்த வீட்டுல ஒரு செங்கல்கூட உனக்கில்ல!"

மகன் நிமிர்ந்தான். கண் இரண்டும் சிவந்து நீர் வடிந்தது. அப்பாவின் குரல் குழைந்தது.

"அழாதடா. தப்ப உணர்ந்துட்டல்ல, போதும்."

"அழலப்பா. நேத்து வெல்டிங்கப் பாத்துட்டேன்... மண்ண அள்ளிப் போட்ட மாதிரி எரியுது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையா, சிரிப்பா... தெரியவில்லை.

"செங்கல்ல நீங்களே வச்சுக்கங்க. எனக்கு லாரி ஓட்டத் தெரியும். பொழச்சுக்குவேன்."

கேட்டருகே அவள் மறித்தாள்.

"திரும்பிப் போங்க. என்னால ஒருத்தன் வீதிக்கு வந்தான்னு ஊர் பேசக் கூடாது. எங்கப்பா எனக்குச் சொத்து வைக்கல... ரோஷம் வச்சிருக்காரு."

"உங்களுக்காக வரல. எத்தனையோ நாளா அதே வசனம், அதே படிக்கட்டு. இன்னிக்கு எனக்காக இந்த வாசலத் தாண்டுறேன். ஆனா... தாண்டினப்புறம் எந்தப் பக்கம் திரும்பணும்னு உங்களத்தான் கேப்பேன்."

அவள் பைக்குள் கைவிட்டு, இன்னொரு முகமூடியை எடுத்து நீட்டினாள்.

"பட்டறை இடது பக்கம். வேல நடக்கும்போது இதப் போட்டுக்கிட்டுப் பாருங்க."

"மத்த நேரம்?"

தலை குனியவில்லை அவள். கரிக்கு அடியில் கன்னம் மட்டும் சிவந்தது...

"மத்த நேரம் என்னை வெறும் கண்ணாலயே பாருங்க."