உடையாத எழுத்து

வாசல் பலகையில் 'டிஸ்க் டாக்டர்' என்று இருப்பதால் மாதத்துக்கு இரண்டு பேராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடியேறிவிடுவார்கள். அன்று காலை வந்தவள் நிமிர்ந்துதான் ஏறி வந்தாள். பின்னால் அவளுடைய தம்பி, முத்திரை வைத்த உறை ஒன்றை இரு கைகளாலும் ஏந்தியபடி.

"முதுகுவலின்னா எதிர் கட்டடம்மா," என்று ஆரம்பித்தாள் கடைக்காரியின் நாத்தனார். அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள். ஓய்வு பெற்றதும் தம்பி மனைவியின் கடையில் வந்து உட்கார்ந்து, வருகிற மனிதர்களையும் திருத்திக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர் டிஸ்க்குங்க. என் வீட்டுக்காரர் செத்த நாள் இதுக்குள்ள இருக்கு."

தெருவே டாக்டரம்மா என்று கூப்பிடும் கடைக்காரி, கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள். "உக்காந்து சொல்லுங்க."

அவள் கணவன் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பிரஸ் ஆபரேட்டர். அட்டையை அழுத்தி வெட்டும் அந்த இயந்திரம் முன்கதவு மூடியிருந்தால்தான் ஓட வேண்டும். பதினெட்டு நாட்களுக்கு முன் சிக்கிய அட்டையை எடுக்க அவன் உள்ளே குனிந்தபோது, கதவு திறந்திருந்தும் பிரஸ் இறங்கியது. கதவு திறந்தால் பிரஸ்ஸை நிறுத்தும் சுவிட்சை அவனே ஏமாற்றியிருக்க வேண்டும் என்றது நிர்வாகம். அறிக்கையில் ஒரே வார்த்தை: கவனக்குறைவு.

"தினமும் வேலைக் குறிப்பு எழுதுவாருங்க, அங்க இருக்கிற லினக்ஸ் கம்ப்யூட்டர்ல. கதவைப் பத்தி எழுதாம இருந்திருக்க மாட்டாரு. ஆனா அன்னிக்கு எழுதின இடம் மட்டும் கோணல் மாணலா இருக்கு. கரண்ட் போய் ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போச்சாம். கெஞ்சிக் கேட்டதால விசாரணை அதிகாரி முத்திரை வச்சுக் குடுத்தாரு. நாளைக்கு விசாரணை முடியுது. 'உங்கப்பா கவனமில்லாம செத்தாராமே'ன்னு ஸ்கூல்ல பிள்ளைங்களைக் கேக்குறாங்க."

"போனது பதினோரு வரிதான் மேடம்," என்றான் தம்பி. அதே தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். "மத்ததெல்லாம் நல்லா இருக்கு. கெட்டது கெட்டதுதான்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. அக்காதான் கேக்க மாட்டேங்குது."

"அவனைத் தப்பா நினைக்காதீங்க. பத்து வயசுல இருந்து எங்க வீட்டுலதான் வளர்றான். வேலை வாங்கிக் கொடுத்தது அவர்தான். அன்னிக்குப் பதினொன்றரை மணிக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் கேட்டாங்க. உடனே இவன்தான் ஓடினான். எங்கெங்கயோ அலைஞ்சு ஒரு மணிக்குக் கொண்டு வந்தான். அதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா உறையை வாங்கி முத்திரையைப் பார்த்தாள். "நாலு மணிக்கு வாங்க. ரெண்டு பேரும்."

அவர்கள் இறங்கியதும் நாத்தனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மேனேஜர்தான்மா அழிச்சிருப்பான். மூஞ்சியைப் பார்க்காமலே சொல்றேன்."

"முதல்ல நகல் எடுப்போம் அண்ணி. கெட்டுப்போச்சுன்னு சொல்ற டிஸ்க்கைத் தொட்டா, கெடுத்தது நாமதான்னு ஆயிடும்."

எழுத முடியாமல் பூட்டி, படிக்க மட்டும் வழிவிட்டு, டிஸ்க் முழுவதையும் இன்னொன்றில் நகலெடுத்தாள். பிறகு அந்த நகலைச் சோதிக்கச் சொன்னாள், எதையும் திருத்தாதே, கண்டதை மட்டும் சொல் என்ற கட்டளையோடு. சோதனை சுருக்கமாக முடிந்தது. திடீரென்று மின்சாரம் போனதால் பாதியில் நின்ற இரண்டு சில்லறை வேலைகள். தொழிற்சாலையில் மறுபடி இயக்கியபோதே அவையும் தானாகச் சரியாகியிருந்தன. கோப்பிலிருந்து பிரிந்து அனாதையான துண்டுகளைப் போட்டு வைக்கும் இடம் காலி. டிஸ்க்கின் பரப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

குறிப்புக் கோப்பைத் திறந்தாள். முந்தைய நாட்கள் தெளிவாக இருந்தன: 'மூன்றாம் பிரஸ் கதவு சரியில்லை. மூன்று முறை சொல்லியாயிற்று. பிரஸ் நிற்கக் கூடாது என்கிறார் சூப்பர்வைசர்.' அதன் கீழே அர்த்தமில்லாத குறிகள், மூச்சுவிட இடமின்றி ஒரே மந்தையாக. பிறகு மறுபடி நல்ல தமிழ்.

நாத்தனார் பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துத் திரையில் ஓட்டினாள். "குப்பைக்கு மேலயும் முழு வாக்கியம். கீழயும் முழு வாக்கியம். ஒரு புள்ளிகூடச் சிந்தலையே! எங்க அச்சகத்துல எலி கடிச்ச புரூஃப்கூட இவ்வளவு சுத்தமா இருக்காது."

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "அண்ணி, இன்னொரு தடவை சொல்லுங்க."

நாலு மணிக்கு அக்காவும் தம்பியும் வந்து உட்கார்ந்தார்கள்.

"டிஸ்க் கெடல," என்றாள் டாக்டரம்மா. "இந்த டிஸ்க் எல்லாத்தையும் ஒரே அளவுப் பெட்டியிலதான் வைக்கும். ஒரு பெட்டிக்கு நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு பைட். கெட்டா பெட்டி பெட்டியாத்தான் கெடும். ஒரு தமிழ் எழுத்துக்குக் குறைஞ்சது மூணு பைட் வேணும். அந்தப் பெட்டி மூணால வகுபடாது. அதனால ஓரத்துல பெரும்பாலும் ஒரு எழுத்து ரெண்டா உடையும். வாக்கியமாவது கட்டாயம் உடையும். இங்க எதுவும் உடையல. குப்பை ஆரம்பிக்கிறது பெட்டியோட நடுவுல, ஆனா வாக்கியத்தோட முதல்ல. டிஸ்க்குக்கு வாக்கியம் எங்க முடியுதுன்னு தெரியாது. தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் குப்பையைக் கொண்டுவந்து ஒட்டிட்டு, அப்புறம் பிளக்கைப் பிடுங்கியிருக்கார்."

"நான் சொல்லல? மேனேஜர்!" என்றாள் நாத்தனார்.

"மேனேஜர்னா மேல இருக்கிற வரியைத்தானே முதல்ல அழிச்சிருப்பார் அண்ணி? மூணு தடவை சொல்லியும் சரி பண்ணலன்னு இருக்கு. கம்பெனி கழுத்துக்குக் கத்தி அது. அப்படியே இருக்கு. அழிச்சவருக்குக் கம்பெனியைப் பத்திக் கவலையே இல்ல." அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "குப்பைக்குள்ள வரியே கிடையாது. எல்லாம் ஒரே மந்தை. பதினோரு வரின்னு எப்படி எண்ணினீங்க?"

அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "அன்னிக்குக் காலையில... படிச்சிருந்தேன்."

"படிச்சிருந்தா என்ன எழுதியிருந்துதுன்னு தெரியும். பதினெட்டு நாளா அதைத்தானே உங்க அக்கா தேடுறாங்க?"

அக்கா தம்பியைப் பார்க்கவில்லை. "எடுக்க முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது. மாத்தி சேமிச்சா, பழசு இருந்த இடத்தைக் காலின்னு டிஸ்க் குறிச்சு வைக்கும், உடனே துடைக்காது. அடுத்த நிமிஷமே பிளக்கைப் பிடுங்கினதால அந்த இடத்துல வேற எதுவும் விழல. காப்பாத்தினதே பிடுங்கினவர்தான்." டாக்டரம்மா அச்செடுத்த தாளை நீட்டினாள்.

அக்கா வாங்கவில்லை. "படிங்க."

நாத்தனார் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "'காலை ஆறு நாற்பது. மூன்றாம் பிரஸ் கதவு சுவிட்சை மச்சான் கம்பியால் கட்டிவிட்டான். கதவு திறந்திருந்தாலும் ஓடும். சூப்பர்வைசர் சத்தம் போட்டதால் பயந்து செய்திருக்கிறான். கழற்றச் சொன்னேன், மதியம் என்கிறான். அதுவரை இந்த பிரஸ்ஸில் வேறு யாரையும் நிறுத்த வேண்டாம். நானே நிற்கிறேன்...'" கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அதையும் படிங்க."

"'இது என் வீட்டுக்குத் தெரிய வேண்டாம். தம்பி என்றால் அவளுக்கு உயிர்.'"

"மாமாவே சொல்ல வேண்டாம்னுதான் எழுதியிருக்காருக்கா!" தம்பி உடைந்து அழுதான். "கம்பியை அவிழ்த்துட்டேன். இதையும் எடுத்துட்டா போதும்னு நினைச்சேன். எனக்கு வேற வழி தெரியலக்கா."

அவள் அவனைத் தட்டிக்கொடுக்கவில்லை, அடிக்கவும் இல்லை. மேசையிலிருந்த டிஸ்க்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இதை மாத்தினது எத்தனை மணிக்குன்னு அதுல இருக்குமா?"

டாக்டரம்மா முதல்முறையாகத் தயங்கினாள். கேட்காமல் விட்டிருந்தால் அதை அவள் சொல்லியிருக்கமாட்டாள்.

"இருக்கு. பதினொண்ணு அம்பத்திரண்டு."

அக்கா விரல் மடக்கிக் கணக்குப் பார்த்தாள். பதினொன்றரைக்கு ரத்தம் கேட்டார்கள். பன்னிரண்டு நாற்பதுக்குக் கணவனின் மூச்சு நின்றது.

"அவர் அப்ப உசுரோட இருந்தாரு," என்றாள்.

"அதுக்கப்புறம் ஓடினேன்க்கா. சத்தியமா ஓடினேன்."

அவள் டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "இனிமே யாரும் அழிக்க முடியாதபடி பண்ண முடியுமா?"

"எத்தனை நகல் வேணும்னாலும் எடுத்துத் தரலாம்."

"நாலு குடுங்க. விசாரணைக்கு ஒண்ணு. எனக்கு ஒண்ணு. பிள்ளைங்க பெரிசானதும் படிக்க ஒண்ணு." எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். "நாலாவது இவனுக்கு. ஒரு எழுத்துகூட உடையாம இருக்கில்ல? ஜெயிலுக்குள்ள உக்காந்து தினமும் படிக்கட்டும்."