ஆள்நிறுவையில் ஏறிய கோச்

பயிற்றுநர்களை எடைபோடும் இயந்திரமான ஆள்நிறுவை, லாசருக்கு நூற்றுக்கு முப்பத்தொன்று போட்டிருந்தது. முப்பத்தைந்துக்குக் கீழே வாங்கிய பயிற்றுநருக்கு அடுத்த பருவம் உரிமம் கிடையாது. நாடு முழுக்க அதுதான் சட்டம். எவ்வளவு கொட்டி ஆட்களை வாங்கினாய், அந்த ஆட்களை வைத்து என்ன கிழித்தாய், இந்த இரண்டை மட்டும்தான் அந்த இயந்திரம் பார்க்கும். டிவியில் உட்கார்ந்து பேசுகிறவன் வாயைவிட இது யோக்கியம் என்று ஊர் நம்பியது. லாசர் நம்பவில்லை. மீன் வாங்கப் போனாலே தராசைத் தட்டிப் பார்க்கிற ஆள் அவர்.

"நாப்பத்தோரு கோடி செலவு, ஏழாவது இடம்," என்றார் தணிகைமணி. காசிமேடு கால்பந்து அணியின் முதலாளி. மூன்று ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்தார்; பேச்சிலும் அந்தச் சில்லிப்பு இருக்கும். "நான் என்ன பண்ணட்டும் லாசர்? மெஷின் சொல்லுது."

"அதுல முப்பத்துமூணு கோடி யாரு வாங்குன ஆளு? அந்த ஃபார்வர்டுக்கு முட்டி வீங்கிக்கீது, வோணாம்னு உங்க மூஞ்சிக்கு நேரா சொன்னேனா இல்லியா?"

"அணி பேர்ல வாங்குனா கோச் தலையிலதான் ஏறும்."

"ஆசை உங்களுது, கழுத்து மட்டும் என்னுதா?"

தணிகைமணி போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

மிச்ச எட்டுக் கோடியில் லாசர் எட்டுப் பையன்களை எடுத்திருந்தார். வியாசர்பாடியில் மூன்று பேர், எண்ணூரில் இரண்டு, மற்றவர்கள் தெற்கே கடலோரத்து ஊர்க்காரர்கள். எல்லாம் பத்தொன்பது, இருபது வயசு. இன்னும் இரண்டே பருவம் கையில் இருந்தால் இந்த எட்டும் ஓர் அணியாகிவிடும் என்று அவருக்குத் தெரியும். பாதியில் விட்டுவிட்டுப் போக அவர் தயாரில்லை.

நேராக நிறுவை அறைக்குப் போனார். அங்கே காப்பாளர் ரெஹானா இருந்தாள். லீக் போட்ட ஆள், முதலாளிக்கு வளையமாட்டாள்.

"ஒரு வழி இருக்கு கோச்," என்றாள். "நிழல் பருவம்."

ஆட்டக்காரர்கள் எல்லோரும் உள்ளே அசைவைப் பதிகிற ஒரு உணர்சட்டை போட்டிருப்பார்கள். வருஷம் முழுக்க அவர்கள் வைத்த ஒவ்வொரு அடியும் இயந்திரத்துக்குள் கிடந்தது. அதே ஆட்கள், அதே காயம், அதே மழை. கோச்சை மட்டும் மாற்றி மாற்றி அந்தப் பருவத்தைப் பத்தாயிரம் தடவை உள்ளுக்குள்ளேயே ஆடிப் பார்க்கும். நிஜத்துக்கும் நிழலுக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவுதான் கோச்சுடைய சரக்கு.

"ஆனா அதுக்கு உங்களையும் ஆட்டக்காரங்க பட்டியல்ல ஏத்தணும். ஏறிட்டா அவங்களுக்கு உள்ள விதியெல்லாம் உங்களுக்கும்தான்."

"படிம்மா."

படித்தாள். "இன்னொரு தபா." படித்தாள். மூன்றாவது தடவை, 'விலை வந்தால் விற்கத் தகுந்தவர்' என்ற வரியில் லாசர் சிரித்துவிட்டார்.

"அறுபத்திரெண்டு வயசு. ஒரு கண்ணுல பொரை. என்னைய எவம்மா வாங்குவான்?"

கட்டைவிரலை அழுத்தினார்.

நாலு நாள் ஆனது. வேறு எவன் வந்திருந்தாலும் அந்த அணி பதினாலாவது இடத்துக்குப் போய் லீக்கை விட்டே இறங்கியிருக்கும் என்று இயந்திரம் சொன்னது. முப்பத்தொன்று எண்பத்தெட்டாக மாறியது. நாட்டிலேயே அதுதான் அதிகம். கேப்டன் டில்லிபாபு அவரை அலாக்காகத் தூக்கிவிட்டான்.

"நைனா! இப்போ இன்னா சொல்லுது உன் தராசு?"

"கீழ எறக்குடா. நல்லா சொல்லிச்சின்னா மட்டும் நம்பிடறதா?" என்றாரே தவிர, அன்றைக்கு அத்தனை பேருக்கும் பரோட்டா அவர் செலவுதான்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத் தணிகைமணி கூப்பிட்டார். முகமெல்லாம் பல்.

"கோழிக்கோட்டு அணி உங்களக் கேக்குது. அம்பத்தேழு கோடி."

"நான் எங்கியும் போவல சார்."

"இந்த வயசுல இதுக்கு மேல உங்க விலை ஏறாதுன்னு மெஷின் சொல்லுது. உச்சத்துல இருக்கறப்ப விக்கணும். பட்டியல்ல உங்க ரேகை இருக்கு, லாசர். மாட்டேன்னா உரிமம் போயிடும். இதே விதில நீங்களே பதினோரு பேர வித்திருக்கீங்க."

அது நிஜம். அதில் ஒருவனுக்குப் பெண்டாட்டி நிறைமாசம். ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிக் கேட்டான். 'வெளியில வண்டி நிக்குது, கெளம்பு' என்று அனுப்பியவர் இதே லாசர்தான்.

"எத்தினி மணிக்கு?"

"ஆறுக்குப் பதிவாயிடும்."

அவர் மைதானத்தில் இறங்கியபோது மணி நாலரை.

"இன்னா நைனா, மூஞ்சி செத்துக்கீது?" என்றான் டில்லிபாபு.

"என்னைய வித்துட்டாங்க. ஆறு மணி வரிக்கும் நான்தான் கோச்சு. ஓடுங்கடா."

இரண்டு பருவத்துக்கு வைத்திருந்ததை எல்லாம் ஒன்றரை மணி நேரத்தில் கொட்டினார். இடது பின்காவலனை நடுவில் கொண்டுவந்து போட்டார். பந்து இல்லாதவன் எங்கே நிற்க வேண்டும் என்று தோளைப் பிடித்துத் தள்ளித் தள்ளிக் காட்டினார். நாலாவது தடவை அந்த எட்டும் ஒரே கயிற்றில் கட்டியதுபோல நகர்ந்தது. அப்போதும் திட்டினார்.

சட்டைகள் எல்லாவற்றையும் இயந்திரத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. மைதானத்து ஓரம் ஒரு விலைப்பலகை உண்டு. பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவன் விலையும் அதில் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும். கடைசி வரியில் லாசர். ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டாகி அறுபதைத் தொட்டது. மாடியில் தணிகைமணி எழுந்து நின்று பார்த்தார்.

ஆறடிக்கப் பத்து நிமிஷம் இருக்கையில் ரெஹானா ஓடிவந்தாள்.

"கோச், முதலாளி விக்கறத நிறுத்திட்டாரு! ஏறிட்டிருக்கிற சரக்கை யாராச்சும் விப்பாங்களான்னு கேக்கறாரு. எப்ப ஏறுறது நிக்குதோ அன்னிக்கு வித்துக்கலாமாம்."

பையன்கள் கத்திக் கூத்தாடினார்கள். லாசர் பலகையைப் பார்த்தார். அவர் பேருக்கு மேலே இருபத்தைந்து பேர். மூன்று வருஷமாக இவர்கள் தன் விசிலுக்குத்தான் ஓடுகிறார்கள் என்று அவர் நினைத்திருந்தார். ஓடியதெல்லாம் அந்த எண் நின்றுவிடக் கூடாதென்றுதான்.

அறுபது என்ற எண் அசையாமல் நின்றது.

"இன்னொரு ரவுண்டு," என்றார். விசிலை ஊதிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார்.