ஒன்பதாம் மாடியின் ஒலிப் பங்கு

காலையில் கதவைத் திறந்ததும், பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்னால், ஒன்பதாம் மாடிக்காரர்கள் நடைவழிச் சுவரில் இருக்கும் ஒலிமானியைத்தான் பார்ப்பார்கள். நான்கு வீட்டுக்கும் சேர்த்து ஒரே மானி. இந்த மாதம் இன்னும் எவ்வளவு சத்தம் போடலாம் என்பதைப் பச்சைக் கோடு காட்டும். குக்கருக்கு எத்தனை விசில், தும்மலை வெளியே விடலாமா, மூக்குக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டுமா என்பதெல்லாம் அதைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். கோடு தீர்ந்துவிட்டால் கூரையிலுள்ள ஒலிவிழுங்கிகள் விழித்துக்கொள்ளும். அப்புறம் மாதம் முடியும்வரை அந்த மாடியில் தட்டு விழுந்தால்கூடக் கண்ணால்தான் தெரியும்.

எந்த வீடு எவ்வளவு தின்றது என்பதை மட்டும் மானி சொல்லாது. அந்தரங்க உரிமையை மதிக்கிறார்களாம்.

அஸ்வத்துக்கு இதெல்லாம் அத்துப்படி. ஒலிப் பகிர்மான வாரியத்தில் அவர் துணை இயக்குநர். ‘அமைதி என்பது நாகரிகத்தின் மேல்சட்டை’ என்று தொடங்கும் சுற்றறிக்கை அவருடைய கைவண்ணம். அந்த மேல்சட்டைக்குள் ஐம்பத்துநாலு வயதுத் தொப்பை ஒன்றும், அதன்மேல் சாய்த்துக்கொள்ள ஒரு பேஸ் கிட்டாரும் இருந்தது வாரியத்துக்குத் தெரியாது.

எத்தனையோ வாத்தியங்கள் இருக்க அவர் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இசை ஞானம் காரணமல்ல. குழந்தையின் கீச்சுக்குரலை உடனே பிடித்துவிடும் மானிக்குத் தாழ்ந்த சுருதி சரியாகக் காது கேட்காது. இது அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பயிற்சிச் செயலி சொன்னபடி ஆள்காட்டி விரலும் நடுவிரலுமாக மாற்றி மாற்றி, தடித்த நான்காம் கம்பியை மட்டும் மூன்று வாரம் மீட்டினார். பிறகுதான் மூன்றாம் கம்பிக்குப் பதவி உயர்வு. இடக்கை விரல்நுனிகளில் கொப்புளம். விரல் கொஞ்சம் தள்ளி அழுந்தினால் கம்பி கறகறவென்று புகார் செய்யும். ஹெட்ஃபோனில் வாசிக்கலாமே என்று மனைவி மிருதுளா சொல்லிப் பார்த்தாள்.

“இது காதுல கேக்கறதுக்கில்ல. நெஞ்செலும்புல கேக்கணும்” என்றார் அஸ்வத், ஒரு மேதையின் சலிப்போடு.

அடுத்த வீட்டில் நுரையீரல் கெட்டுப்போய் ஒரு வருடமாகப் படுக்கையில் கிடந்தார் லோகேஷ். பார்த்துக்கொள்ள மனைவி தர்ஷினி மட்டும்.

அந்த மாதம் இருபத்தோராம் தேதியே பச்சைக் கோடு தீர்ந்தது. அஸ்வத்துக்கு நம்ப முடியவில்லை. அலுவலகத்தில் கோப்பைப் புரட்டினார். ‘இம்மாதம் முதல் மானிகள் தாழ்சுருதியையும் முழுமையாகக் கணக்கில் கொள்ளும்’ என்றிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து. டீ வருவதற்குள் நாற்பது கோப்புகளைப் படிக்காமல் முடிப்பதுதான் அங்கே அனுபவம் என்பது.

இருபத்துநாலாம் தேதி லோகேஷ் இறந்துபோனார்.

அஸ்வத் போய் நின்றார். லோகேஷின் தங்கைகள் மார்பில் அடித்துக்கொண்டார்கள். அடி விழுந்தது தெரிந்தது, கேட்கவில்லை. தர்ஷினி தரையில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றுமே வரவில்லை. திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார். வந்தவர்கள் இரங்கலை போனில் தட்டி அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். பாடை லிஃப்டில் நுழையாததால் படி வழியாக இறக்கினார்கள். எட்டாம் மாடிக்காரர்கள், தங்கள் பங்கில் கைவைத்துவிடப் போகிறார்களே என்று கதவைத் திறந்து காவல் நின்றார்கள். கூட்டம் வாயைப் பொத்திக்கொண்டே இறங்கியது.

ஒன்றாம் தேதி மாடிக்குச் சத்தம் திரும்பியது. அன்று காலை அழைப்பு மணியை அடித்தது தர்ஷினி. அஸ்வத் கதவைப் பாதி மட்டும் திறந்தார்.

“உள்ள வரல தம்பி. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னுதான். மாடிப் பங்க முழுசாத் தின்னது அவரு இருமல்தான். கடைசி வாரம் தலகாணிய வாயில அடைச்சுக்கிட்டுத்தான் இருமினாரு. அப்படியும் தீந்துபோச்சு. உங்களுக்கெல்லாம் பத்து நாள் கஷ்டம். மனசுல வச்சுக்காதீங்க.”

உண்மை அஸ்வத்தின் நாக்கு நுனிவரை வந்தது. விசாரணை, இடைநீக்கம், ஓய்வூதியம் என்று பின்னாலேயே மூன்று வார்த்தைகள் வந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டன.

“பரவால்லக்கா. விடுங்க” என்றார். மன்னித்தே விட்டார்.

“நீங்க வாரிய ஆபீசர், அளவாத்தான் வாசிப்பீங்க. செவுத்துல கும்முன்னு வருமே, அவரு அதுல கைய வச்சுக்கிட்டுப் படுத்திருப்பாரு. இந்த மாசம் நான் சத்தமே போட மாட்டேன். நீங்க நிம்மதியா வாசிங்க.”

அஸ்வத் கிட்டாரைத் தொடவில்லை. அவர் எப்போதாவது தொடங்கிவிடுவார் என்று சுவருக்கு அந்தப் பக்கம் தர்ஷினி அழாமல் இருந்தார். மற்ற வீடுகளின் குக்கர் விசிலுக்குப் பச்சைக் கோடு கடைசிவரை பாதிகூடக் குறையவில்லை.

மாத முடிவில் மாவட்டத்திலேயே நாகரிகமான மாடி என்று வாரியம் ஒரு பட்டயம் அறிவித்தது. நான்கு வீட்டின் சார்பில் மேடையேறி யார் வாங்கிக்கொள்வது என்று கேட்டபோது, தர்ஷினி அஸ்வத்தின் பெயரைச் சொன்னார்.