உக்கும்தார்

கோட்டைச் சிப்பாய்கள் கலகம் செய்து தோற்ற மூன்றாம் நாள், பூங்காவனம் தம்பியைத் தேடி ஜவ்வாது மலை ஏறினாள்.

நெற்றியில் நீறு கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த தொப்பிதான் போட வேண்டும் என்று வெள்ளைக்காரக் கும்பினி அடம்பிடித்தது. மாட்டோம் என்றவர்களுக்குச் சவுக்கடி. அதில் மூண்டதுதான், கண்ணுகளா. ஒரே காலையில் அடங்கியும் போனது. தம்பி தணிகாசலம் காலில் குண்டோடு அருவிக் குகையில் தனியாகக் கிடக்கிறான், உடம்பு நெருப்பாய்க் கொதிக்கிறது என்று தேன் விற்க வந்தவர் சொல்லிவிட்டுப் போனார்.

துணைக்கு வந்தவர் பக்கத்து வீட்டு மஸ்தான் சாயபு. அதே பட்டாளத்தில் முப்பது வருஷம் முரசு கொட்டியவர்.

"தங்கச்சி, பாத்து. பாசி வழுக்கும்."

"நீங்க பாத்து வாங்க. விழுந்தா உங்களையும் நான்தான் தூக்கணும்."

ஓடையைத் தாண்டி, மூங்கில் புதரை விலக்கி, வேரைப் பிடித்து ஏறினார்கள். உச்சி வேளையில் குகை வாய் தெரிந்தது. உள்ளிருந்து கரகரத்த குரல் வந்தது.

"உக்கும்தார்?"

வருவது யார் என்று காவல்காரன் வெள்ளைக்காரப் பேச்சில் அதட்டுவது, சிப்பாய்கள் வாயில் இப்படித் தேய்ந்திருந்தது. சாயபு பழைய பழக்கத்தில் விறைத்து நின்று, சிநேகிதன்தான் என்று அதே பேச்சில் பதில் கொடுத்தார்: "பிரண்டு!"

டுமீல்!

பக்கத்து மரத்தின் பட்டை தெறித்தது. இருவரும் பாறை மறைவில் குப்புற விழுந்தார்கள். பூங்காவனத்துக்குப் பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"எவன்டா அவன்? வயசான மனுசனைச் சுடறே? நான் தணிகாசலத்தோட அக்கா. அவனை இட்டுக்கினு போகாம எறங்க மாட்டேன். சுடறதுன்னா சுடு."

அருவிச் சத்தத்தை மீறி உடைந்துபோன குரல் வந்தது: "அக்கா..."

சுட்டவன் அவனேதான். ஓடிப்போய்ப் பார்த்தால், துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

"கோட்டையில எங்களப் புடிக்க வந்தவனுங்க 'பிரண்டு'ன்னு சொல்லிக்கினுதான்க்கா உள்ள வந்தானுங்க. அந்தச் சொல்லக் கேட்டதும் கை தானா..." துப்பாக்கியைக் கீழே போட்டான். "கடைசித் தோட்டா அது. எனக்குன்னு வச்சிருந்தேன்."

பூங்காவனம் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சாயபு தாடியைத் தடவினார்.

"அப்ப நான் சொன்னது தப்பில்லடா. வந்தது பிரண்டுதான்."

"தோத்துட்டோம்க்கா. எந்த மூஞ்சிய வச்சிக்கினு வர்றது?"

"இருக்கிற மூஞ்சியோட வா. தோத்தவனுக்குச் சோறில்லன்னு நான் என்னிக்காவது சொல்லியிருக்கேனா?"

கட்டுச்சோற்றைப் பிரித்து ஊட்டினாள். துப்பாக்கியை அருவி கொண்டுபோனது. மூங்கில் வெட்டி, மாற்றுச் சேலையில் தூளி கட்டி, கும்பினிக்காரன் வராத மறுபக்கச் சரிவில் அவனைச் சுமந்து இறங்கினார்கள். தோள் உரிந்தது, தோள் மாற்றிக்கொண்டு நடந்தார்கள். சாயபுவின் சம்பந்தி ஊரில் நாட்டு வைத்தியர் குண்டை எடுத்தார். ஒரு மாதத்தில் தணிகாசலம் நொண்டிக்கொண்டே எழுந்து, வாசலில் வந்து வெயில் காய்ந்தான்.

ஜெயித்தவன் பின்னால் ஊரே போகும், கண்ணுகளா. தோற்றவனைத் தேடி மலையேற இரண்டு பேர் இருந்தால் போதும்.