தாகமானி

சிக்னல் பச்சையாக இருந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. கிளம்ப மனமில்லாதது தண்ணீர்ப் பெட்டிகளுக்குத்தான்.

நாட்டின் சரக்கு ரயிலைச் சீரமைத்தபோது தண்டவாளம் ஒரு கம்பெனிக்கும், இன்ஜின் இன்னொன்றுக்கும், ரயிலைத் தடம் மாற்றும் பாயிண்டுகள் வேறொன்றுக்கும் போயின. பெட்டிகளை வாங்க ஆளில்லை. ஆகவே அவற்றுக்கு ஆளுக்கொரு விலைமனம் பொருத்தி, தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எப்போது எங்கே போனால் லாபம் என்று அவையே பேசி முடிவெடுக்கும். விசிலை மட்டும் யாரும் ஏலம் கேட்காததால் அது அரசிடமே இருந்தது. அதை ஊதுவதற்கு யார்டு மாஸ்டர் இருதயராஜ் இருந்தார்.

ஊதினார். ஒன்றும் அசையவில்லை.

“ஏன் நிக்க?” என்று முதல் பெட்டியிடம் கேட்டார்.

“வணக்கம். கருவேலங்குளத்தில் தாகம் ஏறுமுகம். நாளை போனால் விலை இன்னும் நன்றாக இருக்கும்.”

ஜனங்களின் தாகத்தை அளந்து சொல்ல அந்த ஊருக்கு மேலே வட்டமிடும் ட்ரோனான தாகமானி அப்படித்தான் சொல்லியிருந்தது. அவருடைய அக்கா ஞானசௌந்தரி அங்கேதான் இருந்தாள். அத்தானுக்கு இன்று டயாலிசிஸ். தண்ணீர் வராமல் ஆஸ்பத்திரியில் மிஷினை ஓட்ட மாட்டார்கள். ஏற்கெனவே ஒரு முறை தள்ளிப்போட்டதில் அத்தானுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

அக்காவை போனில் பிடித்தார்.

“நாங்க ஒண்ணும் சும்மா இருக்கலலே! ஊரே காலிக்குடத்தோட ரோட்டுல உக்காந்துருக்கு. நான் ரெண்டு குடம் கொண்டாந்துருக்கேன்.”

“ஐயோ அக்கா! அந்தக் குடத்தைப் பாத்துதான் ரயிலு நிக்கி. மொதல்ல உள்ள கொண்டு வைக்கச் சொல்லு. வெளிய வந்து எல்லாரும் சிரிங்க. தாகம் ஏறலன்னு நெனச்சா இன்னைக்கே கெளம்பிரும்.”

“நாக்கு ஒட்டிக் கெடக்கு, சிரிக்கணுமோ? நீ வந்து சிரியேன்.”

“அத்தானுக்காகச் சிரி அக்கா.”

ஊர் எழுந்து போய்க் குடங்களை உள்ளே வைத்துவிட்டு வந்தது. சிரித்தது. யாரோ சொல்ல, இருந்த கடைசிச் சொம்புத் தண்ணீரில் வாசல் தெளித்துக் கோலமும் போட்டார்கள். தாகமானி தாழப் பறந்து எல்லாவற்றையும் ஆசையாகப் பார்த்தது.

பெட்டிகள் ஒரு குலுக்கலோடு நகர்ந்தன.

“அக்கா, கெளம்பிட்டு!”

“சத்தம் கேக்குதுலே!” அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

யார்டு முனையில் ரயில் கருவேலங்குளத்துப் பாதையை விட்டு மேற்கே திரும்பியது. இருதயராஜ் கூடவே ஓடினார்.

“எங்க போற?”

“நீர்ச்சறுக்குப் பூங்காவுக்கு. அங்கே கடுமையான தட்டுப்பாடு. கருவேலங்குளத்தில் வாசல் தெளிக்கவே தண்ணீர் இருக்கிறது. மகிழ்ச்சி.”

அவர் விசிலை ஊதினார். மூச்சு முட்டும்வரை ஊதினார். பாயிண்டைத் திருப்ப அவருக்கு உரிமை இல்லை. கடைசிப் பெட்டியும் திரும்பிப் போனது.

போனில் அக்கா இன்னும் இருந்தாள். அத்தானை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, எந்திரிங்க. தண்ணி வருது. சட்டைய மாட்டுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”